குகைக்கு இறங்கிய முழங்கால்

டிசம்பர் 27, சனி

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். நோணாங்குப்பம் படகுத்துறையில் நியூ இயர் கூட்டம் ஆரம்பம். டிக்கெட் கவுண்டரை விட்டு எழ முடியவில்லை, மதியச் சோறு சாயங்காலம்தான். எல்லாருக்கும் ஒரே கேள்வி, படகு போய் இறக்குகிற பீச்சில் குளிக்கலாமா. நான் அந்தப் பீச்சுக்குப் போய் எத்தனை வருஷமோ.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் பிரிஸ்பேனிலிருந்து தங்கை ரேவதி. வரிசையாகப் போட்டோ. அம்மா கான்வாஸ் ஷூ போட்டு, மாப்பிள்ளையின் ஜாக்கெட்டை மாட்டி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுக்குள் நிற்கிறாள். மழைக்காடாம். உள்ளே ஒரு குகையாம். குகையின் கூரையில் ஓட்டை, அது வழியாக அருவி விழுமாம். இருட்டினால் பாறை முழுக்கப் புழு மினுக்குமாம்.

போட்டோவுக்குக் கீழே ரேவதி எழுதியிருந்தது: "இவ்ளோ படி எறங்குனாங்கக்கா. ஒரு தடவகூட உக்காரல."

என் வீடு மாடியில். இருபது படிகூட இருக்காது. அம்மா ஏறியதே இல்லை. முழங்காலாம். கீழ்ப்படியில் உட்கார்ந்து "தனம்" என்று குரல் கொடுப்பாள், நான் இறங்கிப் போவேன். அந்த முழங்காலுக்காகக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றது நான். தைலம் தேய்த்தது நான். குகைக்கு இறங்கினது மட்டும் ரேவதியோடு.

வயிறு எரிகிறது. இங்கேதானே எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

வாங்க: இட்லி அரிசி, தே. எண்ணெய், இவருக்கு இருமல் மருந்து.

டிசம்பர் 28, ஞாயிறு

கூட்டம். தொண்டை கட்டிவிட்டது.

ரேவதி இன்று வீடியோ அனுப்பினாள். வெறும் கறுப்பு. வெளிச்சம் பட்டால் புழு அணைந்துவிடுமாம், குகைக்குள் டார்ச், ஃபிளாஷ் எதுவும் கூடாதாம். அப்புறம் கறுப்பை எதற்கு அனுப்புகிறாள்? சத்தத்தைக்கூட வைக்காமல் மூடிவிட்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடு.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ மின்மினிப் பூச்சி, இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க என்றார். பூச்சிக்கு இல்லை. குகைப் படிக்கும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் பேரப்பிள்ளை பிறக்கிற வரை பெற்றவர்கள் கை நனைக்கமாட்டார்கள். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. பதினோரு வருஷமாக அம்மா என் சோற்றில் ஒரு வாய் தின்றதில்லை. தண்ணீர்கூடத் தன் பாட்டிலில் கொண்டுவருவாள். ரேவதிக்குச் செப்டம்பரில் பையன். பிறந்த சேதி வந்த பிறகுதான் அம்மா விமானமே ஏறினாள். இப்போது அவள் வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு. அங்கேயும் சுறா கிடைத்து, புட்டு செய்து ரெண்டு பேரும் சாப்பிட்டார்களாம். போட்டோ வந்தது.

ஜனவரி 1, வியாழன்

கடற்கரைச் சாலைப் பக்கமே போக முடியவில்லை. பஸ்ஸில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "போன வருசம் இதே கூட்டத்துலதான் என் செருப்ப தொலச்சேன்."

ரேவதி கூப்பிட்டாள். அம்மா திரும்புகிற பத்தாம் தேதி டிக்கெட்டை மாற்றப் போகிறாளாம். அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமாம், பையன் அவளோடு ஒட்டிக்கொண்டானாம். ஆறு மாசம் ஒரு வருஷமாகும். பிறகு அங்கேயே. எனக்குத் தெரியாதா.

அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். சொல்லியே விட்டேன்.

"அங்க மூணு வேள சாப்புடற. இங்க ஒரு மொடக்கு தண்ணி கூடாது. எனக்குப் புள்ள இல்லன்னுதானம்மா?"

பையன் அழும் சத்தம். அப்புறம் கட் ஆகிவிட்டது.

பாத்திரம் தேய்த்தேன். ரொம்ப நாளாக அடிபிடித்துக் கிடந்த கறைகூட விட்டுவிட்டது.

ஜனவரி 3, சனி

விடாத மழை. படகு ஓடவில்லை. சீக்கிரமே வீடு. ஆறரைக்குக் கரண்ட் போனது. இவர் இன்னும் வரவில்லை. மெழுகுவர்த்தி எங்கே வைத்தேனோ.

போனில் இடமில்லை என்று காட்டியது. அந்தக் கறுப்பு வீடியோவை அழிக்கலாம் என்று திறந்தேன். விரல் பட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. இருட்டு அறையில் பார்த்தால் அது முழுக் கறுப்பு இல்லை. அங்கங்கே புள்ளி, சொட்டு நீலம் தெளித்த மாதிரி. அருவி இரைச்சல் காதை அடைக்கிறது. அதற்குள் அம்மா குரல்.

"தனம்... தனம், எங்க இருக்கற? கையக் குடு."

"அம்மா, நான் ரேவதிம்மா."

"தனம், விட்டுடாத."

அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

மறுபடி போட்டேன். சார்ஜ் தீரும் வரை போட்டேன். வெட்கமே இல்லாத சந்தோஷம். கரண்ட் வந்தபோது விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், இவர் வந்து பயந்துவிட்டார்.

ஜனவரி 4, ஞாயிறு

ரேவதி இதைக் கேட்காமலா அனுப்பியிருப்பாள்? கூப்பிட்டுக் கேட்டேன்.

"கேட்டுட்டுதான் அனுப்புனேன். இங்க வந்ததுலேர்ந்து இப்படித்தான். கொழந்தையக் குடுக்கறப்பகூட 'தனம், இந்தா'ன்னுதான் கூப்புடுது. எனக்கு எரியாதாக்கா?"

எரியட்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அம்மா போனை வாங்கினாள். இருட்டில் என் பேரைச் சொன்னாயாமே என்றேன்.

"இருட்டுல வேற யாரக் கூப்புடுவேன்?" பையனைத் தட்டிக்கொடுக்கும் சத்தம். "டிக்கெட்ட மாத்த வேணாம்னு சொல்லிட்டேன். வந்து எறங்குனதும் நேரா உன் வீடுதான். சோறு வடிச்சு வை."

மாடி ஏறவேண்டும் என்றேன். ஏறுறேன் என்றாள். வழக்கம் என்ன ஆச்சு என்றேன், விடாமல்.

"அத சொன்ன என் மாமியாரே போய்ச் சேந்தாச்சு. இனிமே யாரு கேக்கப் போறாங்க."

அந்த மாமியார் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக அம்மாவும் கீழ்ப்படியில்தான் உட்கார்ந்தாள். அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது.

வாங்க: வாழையிலை, சின்ன வெங்காயம், புளி. பிள்ளைச்சாவடியிலிருந்து வரும் மீன்கார அக்காவிடம் சங்கரா மீனுக்குச் சொல்லிவைக்க.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். பனி விலகவே எட்டு மணி. லீவு போட்டாச்சு.

இவர் சென்னை ஏர்போர்ட் போய் அழைத்துவந்தார். அம்மா கறுத்திருக்கிறாள். கான்வாஸ் ஷூவோடு கீழ்ப்படியில் நின்று மேலே பார்த்தாள். நான் இறங்கிப் போகவில்லை, வேண்டுமென்றேதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நடுவில் ரெண்டு தடவை உட்கார்ந்தாள். குகையில் உட்காரவில்லையாம், என் படியில் உட்காருகிறாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மூன்றாம் தடவை உட்காரப் போனபோது தாங்கவில்லை, ஓடிப்போய்க் கையைக் கொடுத்தேன்.

இலை போட்டேன். பழக்கதோஷம், பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். பிறகு தானே அதை ஓரமாக வைத்துவிட்டு என் சொம்புத் தண்ணீரில் கை நனைத்தாள். முதல் வாய் தின்றதும், "உப்பு கம்மி" என்றாள். மூன்று தடவை சோறு வாங்கினாள்.

அம்மா சாப்பிடுகிற மாதிரி, இலையும் மீன் முள்ளும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். ரேவதிக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "மாடி ஏறுனாங்க. ஒரு தடவகூட உக்காரல."