கல் பொறுக்கிய அரிசி

இன்று காலை உலைக்கு அரிசி அளந்தபோது, என் கை தானாக ஒரு பிடியை எடுத்துப் பிடியரிசிப் பானையில் போட்டது. போட்ட பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பானைக்குள்ளிருந்து அந்தப் பழைய வாசம் எழுந்தது. புழுங்கலும் பச்சையும் சிவப்பரிசியும் ஒன்றாய்க் கிடந்து, அதில் கொஞ்சம் சாக்கும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாசம். மூடியைப் போட்டு மூடினேன். நீ போய்ச் சேர்ந்த பிறகாவது உன்மேல் எனக்கிருந்த பொறாமை அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பதால் தைரியமாகவே எழுதுகிறேன்.

மதுரையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் டீச்சர்கள். குடியிருந்ததும் ஒரே அறையில். காலை மணி அடிக்கும் முன்பே எழுந்து முழங்கால் போட்டு ஜெபிக்கிறவள் நான். மணி அடித்து ஓய்ந்த பிறகும் போர்வைக்குள் கிடக்கிறவள் நீ. ஜெபத்தில் கண்ணை மூடினால் தூங்கிவிடுவாய். ஆமென் வரும்போது உன் விலாவில் நான் இடிக்க வேண்டும். கோயிலுக்குப் பூ வைத்து வரக்கூடாது என்று பெரிய டீச்சர் கண்டித்தபோது, "பூவப் படச்சவரு கோவிச்சுக்கிருவாராக்கும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறும் மல்லிகைச் சரத்தோடு வந்து நின்றாய். கண்டித்தவரே சிரித்துவிட்டார். நான் அப்படிச் செய்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். வேதத்தில் சிறுவன் சாமுவேலைக் கூப்பிட்டதுபோல் என்னையும் ஒரு நாள் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எங்கே போ என்றாலும் உடனே கிளம்ப வசதியாக, என் தகரப் பெட்டியில் சேலைகளை மடித்தே வைத்திருந்தேன். அதைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் உனக்குச் சிரிப்பு. "எந்த ஊருக்குக்கா டிக்கெட்டு?" என்பாய்.

அந்த வருடப் பிறப்பு ஆராதனையை நீ மறந்திருக்க மாட்டாய். ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா மரப்பெட்டியை நீட்டுவார். உள்ளே சுருட்டிய சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஆளுக்கு ஒன்று எடுப்போம். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொல்கிற வார்த்தை அதுதான் என்று நம்புவோம். என் முறை வந்து கையை நீட்டப் போனேன். பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. "அக்கா, அக்கா, கொஞ்சம் விடுங்க. கறிய அடுப்புல வச்சுட்டு வந்துட்டேன், அடிப்பிடிச்சிரும்."

நான் விலகினேன். மேலே கிடந்த சீட்டை எடுத்துக்கொண்டு நீ ஓடினாய். அதற்கு அடியில் கிடந்தது எனக்கு வந்தது.

உனக்கு வந்தது ஆபிரகாமுக்குச் சொன்ன வார்த்தை. வீட்டையும் சொந்தத்தையும் விட்டு, நான் காட்டும் இடத்துக்குப் புறப்படு என்று. எனக்கு வந்தது தாவீதின் ஆட்கள் சண்டைக்குப் போனபோது மூட்டை முடிச்சுகளுக்குக் காவலாகத் தங்கிவிட்டவர்களைப் பற்றியது. அவர்களுக்கும் சமபங்கு உண்டாம். பங்கு யார் கேட்டார்கள்? பெட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு இத்தனை நாள் காத்திருந்தது, ஊரார் மூட்டைக்குக் காவல் இருக்கவா?

அந்த மாதமே சமண மலைக்குப் பின்னால் இருந்த ஊருக்கு ஆள் வேண்டும் என்று கோயிலில் அறிவித்தார்கள். அங்கே ஜெபமும் பாடமும் நடத்திவந்த உபதேசியார் இறந்து, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. நான் மறுநாளே போதகர் ஐயாவிடம் போய் நின்றேன். "நீங்க இங்க வேணும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நீயோ சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், முகம் வாடித் திரிந்தாய். பிறகு ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "நான் போறேன்" என்றாய். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். என் அழுகை வேறு.

நீ புறப்பட்ட அன்று உன் பெட்டியின் பூட்டு கெட்டுப்போயிருந்தது. என் பெட்டியைக் கொடுக்கச் சொன்னார் பெரிய டீச்சர். மடித்து வைத்திருந்த என் சேலைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு உன்னுடையவற்றை அடுக்கினேன். வண்டி கிளம்பியது. என் பெட்டி ஊழியத்துக்குப் போய்விட்டது, நான் வாசலில் நின்றேன்.

அதன் பிறகுதான் இந்தப் பானை என்னிடம் வந்தது. நம் சபைப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசியை ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை பையில் கொண்டுவருவது உனக்குத் தெரியும். அத்தனை வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டிச் சுத்தம் செய்ய ஆள் வேண்டியிருந்தது. யாரும் முன்வராததால் என் தலையில் கட்டினார்கள். சனிக்கிழமைதோறும் சுளகும் கையுமாக உட்கார்ந்து கல் பொறுக்கினேன். அந்த அரிசிதான் வண்டியில் உனக்கும், உன்னிடம் படித்த பிள்ளைகளின் மத்தியானக் கஞ்சிக்கும் வந்தது.

ஞாயிறு தவறாமல் கோயிலில் உன் புகழ்தான். அங்கே எத்தனை பிள்ளைகள் எழுத்துக் கூட்டுகிறார்கள், காய்ச்சலில் கிடந்த வீட்டில் நீ எப்படி உடனிருந்தாய் என்றெல்லாம் போதகர் ஐயா சொல்லச் சொல்ல எனக்கு உட்கார்ந்திருக்க முடியாது. சுளகின் முன் உட்கார்ந்து, ஒரே ஒரு கல்லை அதில் விட்டுவைத்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன். நல்லதாக, பல்லை அசைக்கிற மாதிரி ஒரு கல். ஆனால் இந்தக் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அதையும் பொறுக்கி எறிந்தது.

ஒரு பங்குனி வெயிலில் உன்னைப் பார்க்க வந்தேன். "வாங்கக்கா! இம்புட்டு வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். கறுத்திருந்தாய், இளைத்திருந்தாய், தலையில் பூ இல்லை. உன் குடிசை மூலையில் என் பெட்டி துருவேறி இருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"அந்தச் சீட்டு எனக்கு வரவேண்டியது. நீதான் குறுக்க வந்து எடுத்துட்ட."

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தெரியும்க்கா. அன்னைக்கே தெரியும். கறி அடிப்பிடிச்சாப் பிடிக்கட்டும்னு நின்னுருக்கலாம்னு எத்தன நாளு அழுதிருக்கேன். எனக்கு இருட்டுன்னா பயம், பாம்புன்னா பயம். போகமாட்டேன்னு ஆண்டவர்கிட்ட மல்லுக்கட்டுனேன். அவரு விடல."

"அப்புறம் எதுக்குப் போன?"

"சொல்லிட்டாரே அக்கா. சொன்ன பெறகு என்ன செய்ய?"

அவ்வளவுதான் உன் பதில். நீ ஒரு தரிசனம் கண்டேன் என்றிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். போக ஆசைப்பட்டவளை விட்டுவிட்டு, ஆசையே இல்லாத உன்னைப் பிடித்து அனுப்பியிருக்கிறார். நீயும் முனகிக்கொண்டே கீழ்ப்படிந்திருக்கிறாய். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சோறு போட்டாய். பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருந்தது. "பல வீட்டு அரிசி, ஒண்ணு வெந்தா ஒண்ணு வேக மாட்டேங்குது. ஆனா ஒரு கல்லு கெடையாதுக்கா" என்றாய். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

ஐப்பசி மழைக்குப் பின் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. நான் வந்து சேர்ந்தபோது மலையடியில் உனக்குக் குழி வெட்டி முடித்திருந்தார்கள். அடக்கம் முடிந்து கை கழுவ நின்றபோது, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிய பெண் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க ராகேல் அக்காங்களா?"

"ஆமா."

"கல்லுப் பொறுக்குற ராகேல் அக்காவா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். "சோத்துக்கு முன்னால டீச்சரம்மா கண்ண மூடிச் சொல்லுவாக. அரிசி குடுத்தவுகளயும், கல்லுப் பொறுக்குற ராகேல் அக்காளயும் ஆசீர்வதியும்னு. அம்புட்டுப் புள்ளைகளும் கூடவே சொல்லுங்க. எங்க வீட்டுல இப்பவும் அதச் சொல்லாமச் சோத்துல கைவைக்காதுக. ராகேல் அக்கான்னா ஒங்க சாமியில ஒண்ணுன்னுல்ல நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம்!"

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுகையும் வந்தது. அந்தப் பெண் பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஊர்க்காரர்கள் என் பெட்டியைத் தூக்கிவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். அது போன இடத்திலேயே இருக்கட்டும்.

ஆண்டவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று நான் புழுங்கிக்கொண்டிருந்த நாளெல்லாம், வேளை தவறாமல் நீ என் பேரை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். நான் அவரிடம் உன் பேரை ஒரு நாளும் சொன்னதில்லை. என் பேரைத்தான் சொன்னேன்: என்னைக் கூப்பிடும், என்னைக் கூப்பிடும் என்று. இப்போது சொல்லலாம் என்றால், போனவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் நம் சபையில் இல்லை. இதிலும் என்னை முந்திக்கொண்டாய். அன்று வரிசையில் குறுக்கே புகுந்தவள், கடைசிவரை அப்படியே இருந்துவிட்டாய்.

உன் இடத்துக்குப் புது உபதேசியார் ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். இந்த முறை நான் கேட்கப் போகவில்லை. நாளை சனிக்கிழமை; சுளகைத் துடைத்து வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் கண்ணை மூடி என் பேரைச் சொல்லிவிட்டுத்தான் கஞ்சியில் கை வைப்பார்கள். அவர்கள் பல்லில் ஒரு கல்கூடப் படக்கூடாது.