அத்தை துலக்கி வைத்த காசு

பாப்பா அப்பாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு எழுத ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம். மனசைப் பற்றிக் கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நம் வீட்டில் போன் பேசும் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? மணி அடித்ததுமே அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி போடு என்கிறார்கள். மெசேஜ் அனுப்பலாமென்றால், நீங்கள் குளிர்பதன அறையில் ஏணிமேல் நின்றுகொண்டு அதைப் படிப்பீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் நீங்கள் காசைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மழுப்பினேன். லீவு முடிந்து திரும்புகிற, உங்களோடு வேலை செய்கிற கிரேன்காரர் நாளைக்குக் கிளம்புகிறாராம். அவரிடம் கொடுத்தனுப்ப, ஆலை கேன்டீனில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா வருவதற்குள் புதுப்பல் முளைத்துவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்படுகிறாள். ஓட்டை வாயை நீங்கள் நேரில் பார்த்தே ஆக வேண்டுமாம்.

சரி, எவ்வளவு நேரம்தான் சுற்றி வளைப்பது? நீங்கள் சேகரித்து வைத்த அந்த அபூர்வ வெள்ளிக் காசு பத்திரமாக நம் வீட்டில்தான் இருக்கிறது. திருட்டுப் போகவில்லை. போலியும் இல்லை. இதை இரண்டு தடவை படித்துவிட்டு மேலே போங்கள்.

நீங்கள் ‘லென்ஸ்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிற நாணய வியாபாரி, வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கத் தயாராக இருப்பதாகவும், அதற்குமுன் தானே வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். அவர் வருகிற காலையில் அலமாரியிலிருந்து காசை எடுத்து, உறையோடு மேசைமேல் வைத்தேன். அத்தை என்ன ஏது என்று கேட்டார்கள். இதை ஒருவர் பார்க்க வருகிறார், நல்ல விலைக்குப் போனால் உங்கள் பிள்ளை அங்கே மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுவார், ரிப்பேர் கடை வைத்துவிடலாம் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். மேசைமேல் வெள்ளைக் கைக்குட்டை விரித்து, அதன் நடுவில் காசு. பாத்திரம் துலக்கும் பொடியும் பழைய பிரஷும் கழுவுதொட்டி ஓரத்தில் இருந்தன. கடையில் இப்போதுதான் வாங்கி வந்த மாதிரி காசு பளபளவென்று மின்னியது.

அத்தை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கறுத்துப் போய்க் கிடந்ததும்மா, வர்றவர் என்ன நினைப்பார், விருந்தாளி வரும்போது குழந்தைக்கு மூஞ்சி கழுவிவிட மாட்டோமா என்றார்கள். அதற்குள் லென்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் காசை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நல்ல காசைத் திருப்பினால் வெளிச்சம் அதன்மேல் சுற்றி ஓடும் என்று நீங்கள் எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். இதில் ஓடவில்லை. ஆண்டு எண்ணுக்குக் கீழே, எந்த ஊரில் அச்சடித்தது என்று காட்டும் அந்தச் சின்னப் புள்ளி இருக்கிறது, எடையும் சரியாக இருக்கிறது. ஆனால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். அவர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல மனுஷர், அத்தை எதிரில் ஒன்றும் பேசவில்லை. வாசல்வரை கூடப் போனபோதுதான் தணிந்த குரலில், அம்மா, இது அசல் காசுதான், சந்தேகமே இல்ல, ஆனா மேல் தோலே போயிடுச்சு, இனி வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான் என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது நம் வீட்டிலேயே நடந்துவிட்டது.

நான் ஆலையில் தரம் பார்க்கும் மேசையில் இருப்பவள். ஒரு நூல் இழுத்திருந்தாலும் துணியை ஓரம் தள்ளுகிற கை என்னுடையது. அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள்மேல்தான் வந்தது. ஆமாம், உங்கள்மேல்தான். எடை பார்க்காமல் வாங்காதே, திருப்பி எடுத்துக்கொள்ளாதவனிடம் வாங்காதே, அவசரப்படுத்துகிறவன் கடையில் உட்காரவே உட்காராதே, என்ன ஆனாலும் காசைத் துலக்காதே என்று எனக்கு மணிக்கணக்கில் பாடம் நடத்தினீர்கள். அம்மாவுக்கு மட்டும் மூச்சு விடாதே, அம்மாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி என்றீர்கள். நானும் தலையாட்டினேன். ஊரிலுள்ள திருடனுக்கெல்லாம் பயந்து, பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டோம். இதில் அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் இருக்கிறதா?

இன்னொன்றும் நடந்தது. மனசு கேட்காமல் மார்க்கெட் தெருவிலுள்ள வேறொரு கடைக்குக் காசை எடுத்துப் போனேன். அங்கே இருந்தவர் சிரித்துக்கொண்டே, இதுக்கா இவ்வளவு கவலை, எங்கிட்ட விட்டுட்டுப் போங்க, மருந்து போட்டுப் பழைய கறுப்பைக் கொண்டுவந்துடுறேன், யாராவது புதுசா சேக்கிற ஆள் தலையில கட்டிடலாம், முழு விலைக்கே போகும் என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. உங்கள் முகம், கடைச் சாவி, பாப்பா எல்லாம் கண்முன்னே வந்தன. அதே நிமிஷம், சேர்க்க ஆரம்பித்த புதிதில் நீங்கள் இப்படிச் சாயம் ஏற்றிய காசு ஒன்றை வாங்கி ஏமாந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும் நினைவுக்கு வந்தது. இன்னொரு வீட்டில் இன்னொருத்தி அதைப் பார்க்க வேண்டாம் என்று காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் செய்தது சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

சும்மா அழுதுகொண்டும் இருக்கவில்லை. மற்ற காசுகளை லென்ஸிடம் காட்டினேன். நீங்கள் வாங்கிய ரசீதுகளோடு இருப்பதால் மூன்றை நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நாம் பார்த்து வைத்திருந்த கடைத்தெரு மூலைக்கடைக்கு அது போதாது. ஆனால் நம் முன்னறையில் ஒரு மேசை, உங்கள் கருவிப்பெட்டி, வாசலில் ஒரு பலகை, இதற்குப் போதும். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் என்று எழுதினால் ஜனங்கள் வராமலா போவார்கள்? போன வாரம்கூட எதிர்வீட்டுக்காரர் அவருடையது மாடு மாதிரி கத்துகிறது என்று சொல்லி, நீங்கள் எப்போது வருவீர்கள் என விசாரித்தார்.

இப்போது அத்தை விஷயம். லென்ஸ் அவ்வளவு நேரம் உற்று உற்றுப் பார்த்தது, தாம் துலக்கிய அழகில் மயங்கித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாத்தியா, கண்ணை எடுக்கவே இல்ல அந்த மனுஷன் என்று எல்லாரிடமும் சொல்கிறார்கள். அவர் போனதும் என்னிடம், என்னம்மா ஆச்சு, என் பிள்ளை வந்துடுவானா என்று கேட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வேறொன்றும் சொல்ல வரவில்லை. நல்ல விலைக்குப் பேசியாச்சு அத்தை, இந்த மாசக் கடைசியில் வந்துடுவார் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்றையிலிருந்து வீட்டில் தலைகீழ் வேலை. உங்கள் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டியாயிற்று. உங்கள் பழைய சட்டைகளில் பொத்தான் இல்லாதவற்றை என்னிடம் கொடுத்துத் தைக்கச் சொல்லியாயிற்று. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி ஒட்டடை அடிக்கிறார்கள். வேண்டாம் என்றால், என் கையால துலக்கினதுல வந்த பணம், அவன் வரும்போது வீடும் பளபளன்னு இருக்க வேண்டாமா என்கிறார்கள். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறேன்.

இன்னும் சில நாளில் மேஸ்திரி அந்த ஒப்பந்தத் தாளை உங்களிடம் நீட்டுவார். காசு போனால் போகிறது, இன்னும் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தோன்றும். உங்களை எனக்குத் தெரியாதா? ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் வந்துவிட்டால், நான் சொன்ன பொய் பொய்யாகவே இருக்காது. பிள்ளையை வரவழைத்த காசு அது என்று காலம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ஒருநாள்கூட விடமாட்டார்கள். என்றைக்காவது நம்மில் யாராவது உண்மையைச் சொல்லிவிடுவோம். தன் பிள்ளையைத் தன் கையே தடுத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அந்தக் கையால் அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்?

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வந்துவிடுங்கள். வெறும் கையோடு வந்தாலும் பரவாயில்லை.

வழி பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா