பச்சைப் பொய்

மார்ச் 4

ஆஸ்பத்திரி வேலை தொடங்கிவிட்டது. அங்கே வேலை எப்படி நடக்கிறது, வாங்கிப் போட்ட மென்பொருள் அதற்கு ஒத்துவருகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். பொருந்தினால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. மேனேஜர் கிளம்பும்போதே சொன்னார்: "அந்த சாஃப்ட்வேரை வித்ததும் நம்ம கம்பெனிதான். ஞாபகம் இருக்கட்டும்."

மார்ச் 6

ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான முடிவு வந்தால் வார்டின் கம்ப்யூட்டர் திரையில் எச்சரிக்கை மின்னும். விதி அது. திரை எங்கே என்று கேட்டேன். தலைமை நர்ஸ் – எல்லோருக்கும் அவர் பெரியக்கா – சிரித்துக்கொண்டே அழைத்துப் போனார். படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறை. திரைமேல் தலையணை உறைகள் ஒரு கட்டு.

"அப்போ முடிவு எப்படித் தெரியும்?"

"லேப்லருந்து போன் வரும்மா. நோட்டுல எழுதிட்டு டாக்டர்கிட்ட ஓடுவோம்."

"திரையில 'பார்த்தாச்சு'ன்னு அழுத்துறது யாரு?"

"ஷிஃப்ட் முடியறப்போ யாராவது போய் மொத்தமா அழுத்திடுவோம். இல்லன்னா மேலேருந்து திட்டு விழும்."

எல்லா எச்சரிக்கையும் பார்க்கப்பட்டதாகப் பதிவு. இதை வைத்துத்தான் மேலிடம் மார்தட்டிக்கொள்கிறது. சீ.

மார்ச் 11

சிவப்பு கொடுத்தேன். மேனேஜர் திருப்பி அனுப்பினார். "நூறு சதவீதம் பயன்படுத்துறாங்கன்னு சிஸ்டமே சொல்லுது. நீ ஒரு நோட்டைப் பிடிச்சுத் தொங்குறே. பச்சை போடு."

போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

அவரைப் பார்த்தால் குமட்டுகிறது என்று எழுத உட்கார்ந்தேன். அவரை மட்டுமா?

மார்ச் 12

சாப்பாடு இறங்கவில்லை. "என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரர். வெயில் என்றேன்.

மார்ச் 19

என் அறிக்கையைக் காட்டி ஆஸ்பத்திரி நிர்வாகம் நோட்டை எடுத்துவிட்டதாம். லேப் இனி போன் செய்யக்கூடாதாம், அது இரட்டை வேலையாம். திரையை வெளியே கொண்டுவர வயர் இழுக்க ஆள் வர வேண்டும். அதுவரை அங்கேயேதான் கிடக்கும். பெரியக்காதான் போனில் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நீ கண்ணால பாத்துட்டுத்தானேம்மா போனே?"

மார்ச் 24

நடந்தேவிட்டது. வார்டில் ஒரு தையல்காரம்மா. ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. காலை பத்தேகாலுக்கே திரையில் வந்த முடிவை ஒன்றரை மணிவரை யாரும் பார்க்கவில்லை. இதயம் நின்று, மார்பை அழுத்தி அழுத்தி மீட்டிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. விலா எலும்பு இரண்டு போய்விட்டது.

மேனேஜர் சொல்கிறார்: "நல்லவேளை, சாகலை. நம்ம ரிப்போர்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு ஒரு வரி எழுதிக் குடு."

நல்லவேளையாம்! எப்படித்தான் வாய் வருது? கையில டீயை வச்சு ஊதிக்கிட்டே சொல்றான் அந்த ஆளு – த்தூ. நான் என்ன பண்ணேன்? தலையாட்டிட்டு வந்தேன். நானும்தான் த்தூ.

மார்ச் 25

எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டதை அல்ல. சிவப்பை அழித்துப் பச்சை போட்டது நான், யார் சொல்லி, எந்தத் தேதியில் என்று நேரே ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு. பிறகு தையல்காரம்மாவின் மகளைத் தேடிப் போய்ச் சொன்னேன்.

"இப்போ எதுக்கு வந்து சொல்றீங்க?"

அவள் உள்ளே போகும்வரை நின்றேன்.

மார்ச் 27

வேலை போயிற்று.

ஏப்ரல் 8

ஆஸ்பத்திரி வேலைக்கு என் இடத்தில் கம்பெனியிலிருந்து வந்திருப்பவர் போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர்.

"திரும்பவும் பச்சையே போடச் சொல்றாரும்மா நம்ம மேனேஜர்."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"நேர்ல நின்னு பாக்காம எழுத மாட்டேன்னுட்டேன். இப்போ வார்டுலதான் இருக்கேன். நீ எழுதிக் குடுத்தப்புறம் லேப் திரும்ப போன் பண்ணுது. இரு, வார்டு போன் அடிக்குது, எடுக்கப் பக்கத்துல யாருமில்ல."

என் இணைப்பைத் துண்டிக்காமலே போனார். தூரத்தில் அவர் யாருடைய ரத்த முடிவோ, அதன் எண்ணைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வது கேட்டது. "பெரியக்கா!" என்று கூப்பிட்டார். யாரோ ஓடினார்கள்.