அறைக்குள் கேட்க வேண்டிய பெட்டி

ஆவணி 24, புதன்

இன்று சொல்லாதது: "ஐயா, இது அறைக்குள் வைத்துக் கேட்கிற பாட்டு செட். பந்தலில் வைக்காதீங்க." நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

காலையில் தூறல். மலை தெரியவில்லை. பத்து மணிக்கு வடக்கனந்தல் மில்காரர் வந்தார், நான்காவது முறையாக. அண்ணன் கடைக்கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, நாதஸ்வர கேசட் போட்டார். மில்காரர் கண்ணை மூடிக் கேட்டார்.

"மேளக்காரன் பக்கத்துல குந்திக்கினு வாசிக்கிற மாரி கீதுப்பா. இன்னா வெலை?"

"ஒம்பதாயிரங்க."

"ஒம்பதா! ஒரு ஜோடி ஒழவு மாடு வந்துடுமே. எம் மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தான், நாலுதான். கலர் கலரா எரியுது. உன்னுதுல ஒண்ணும் எரியலியே?"

"எரியுதுங்களே."

இரண்டு சிவப்பு விளக்குகள். போன வாரம் அண்ணன் பொருத்தியவை. பாட்டுக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொருத்திய அன்று அவர் சாப்பிடவில்லை.

சித்திரையில் இதே செட்டின் விலை ஆறாயிரம். எவரும் சீண்டவில்லை. "ஆறுன்னா உள்ளூர்ச் சரக்குன்றான். ஒம்பதுன்னு சொல்லு, கை கட்டிக்கினு கேக்கறான்" என்றார் அண்ணன். கேட்கிறார்கள், உண்மைதான். வாங்குவதில்லை.

எங்கள் பக்கத்தில் இவ்வளவு பெரிய பொருளை யாரும் கடையில் வைத்து முடிவு செய்வதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய், பங்காளிகள் பார்த்து, மச்சான் ஒரு குறை சொல்லி, பிறகுதான் பணம். மில்காரரும் அதையே கேட்டார். "ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு மஞ்சத்தண்ணி. எட்த்துகினு போறேன். சொந்தக்காரங்க கேக்கட்டும். திங்கக்கெழம பணம்."

அண்ணன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவர் தன் கையால் செய்து வைத்திருப்பது இந்த ஒரு செட். வெளிநாட்டு ஸ்பீக்கர், மலையிலிருந்து வந்த பலாப் பலகையில் பெட்டி. இது விற்றால் அடுத்ததற்கு முதல். விற்காவிட்டால் புரட்டாசியில் கடையைக் காலி செய்வதென்று முடிவு.

சாக்கும் கயிறும் தேடிப் போகும்போது, "எப்டி வெக்கறதுன்னு அவருக்குச் சொல்லிக் குடு மல்லிகா" என்றார். சிவப்பு ஒயர் சிவப்பில், கறுப்பு கறுப்பில் என்று சொன்னேன். அதோடு சரி.

காலையில்தான் பக்கத்துக் கடை மைக்செட் ரங்கன், என் கையில் எப்போதும் இருக்கும் நூலகப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தான்: "ஞாயித்துக்கெழம மறியல் கூட்டம், லைப்ரரியம்மா. சுத்துப்பட்டுல ஒரு ஹார்ன் கெடைக்காது. எல்லாம் புக்கு." கூம்பு ஒலிபெருக்கி கிடைக்காதவர் எதைப் பந்தலில் வைப்பார் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்திருந்தால் செட்டை விட்டுவிட்டுப் போயிருப்பார். அதுவும் தெரிந்தது.

ஆவணி 25, வியாழன்

வெயில். செய்ய வேண்டியவை: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு புதுப்பிக்க. நூலகப் புத்தகம், நாளை கடைசி. அண்ணன் சட்டைக்குப் பித்தான். பதிவு மட்டும் முடிந்தது. வரிசையில் எனக்கு முன்னால் இருவர்.

"இட ஒதுக்கீடு வந்துட்டா ஒனக்குக் கெடைச்சிடுமாடா?"

"கெடைக்குதோ இல்லியோ, கேக்காம வுட்டா பொணம்னு நெனைச்சிப்பான்."

கேட்காமல் விட்டவர்கள் அப்படி. சொல்லாமல் விட்டவள் நான். வடக்கனந்தல் பஸ் எதிரில்தான் நின்றது. போய் மில்காரரிடம் சொல்லிவிட்டுப் பகலுக்குள் திரும்பிவிடலாம். பஸ் கிளம்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி 28, ஞாயிறு

மஞ்சத்தண்ணிக்கு அண்ணன் மட்டும் போனார், இஸ்திரி போட்ட சட்டையில். பித்தான் தைத்துவிட்டேன். எனக்குத் தலைவலி என்றேன். வலி இல்லை.

மாலையில் கூட்டத்து ஹார்ன் சத்தம் ஊர் முழுக்க. ஒரு சொல் புரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் ஏழு மணிக்குத் திரும்பினார். பந்தல் கால் இரண்டிலும் பெட்டிகளைக் கட்டியிருந்தார்களாம். சத்தம் முழுக்கத் திருகி. இவர் போய்ச் சேர்வதற்குள் ஒன்று அடங்கிவிட்டது, இன்னொன்று கரகரத்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் ஒருவர் பந்திக்கே கேட்கும்படி, "ஒம்பதாயிரத்துக்கு தகர டப்பா வாங்கியாந்துகீறான்யா மாமன்" என்றாராம். சிரிப்பு. அண்ணன் சாப்பிடாமல் வந்துவிட்டார்.

புரட்டாசி 2, வெள்ளி

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி இரண்டாம் நாள். சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். பஸ் இல்லை, பால் இல்லை. செட் மாட்டுவண்டியில் வயல்வழியாக வந்து சேர்ந்தது, வைக்கோலில் பொதிந்து. வண்டிக்காரர் இறக்கிவைத்தார். "வாணாம்னு சொல்லிட்டாருங்க. பந்தக் கோடிக்கே கேக்கலியாம்."

அண்ணன் திருப்புளியால் திறந்தார். கருகிய வாடை. உள்ளே ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் கறுத்துக் கிடந்தது. புதிது வேண்டுமென்றால் சென்னை போக வேண்டும். சென்னைக்கு வழி இல்லை. வழி இருந்தாலும் வாங்க முடியாது. சிவப்பு விளக்குகள் மட்டும் எரிந்தன.

திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "அன்னிக்கு அவருகிட்ட சொன்ன இல்ல? வூட்டுக்குள்ளதான் வெக்கணும்னு?"

"சொன்னேன்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது. உண்மையைச் சொல்லத் திறக்காத வாய்.

புரட்டாசி 4, ஞாயிறு

சாலையில் போலீஸ். அண்ணன் வயல்வழியாகவே சைக்கிளில் வடக்கனந்தல் போய் வந்தார். நஷ்டம் கேட்க அல்ல, நியாயம் கேட்க. மில் வாசலில் பத்துப் பேர் இருந்தார்களாம். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

மில்காரர்: "எவனும் எங்கிட்ட சொல்லலப்பா. எம் பொண்ணு மேல சத்தியம்."

அண்ணன்: "எந் தங்கச்சி சொன்னேன்னு சொல்லிச்சி. அது பொய் சொல்லாது. நீங்கதான் பேச்சு மாத்துறீங்க."

மில்காரர்: "எம் பொண்ணு மேல சத்தியம் பண்ணிகினு கீறேன். என்னையே பொய்யன்றியா? எழுந்து போடா."

இதைச் சொல்லிவிட்டு அண்ணன் என்னிடம், "பொண்ணு மேல சத்தியம் பண்றான் பாரு, எப்டித்தான் மனசு வருதோ" என்றார். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். மஞ்சள் காயாத பெண். பெயர்கூடத் தெரியாது.

தடித்த ரஷ்ய நாவல் ஒன்று பாதியில் கிடக்கிறது. அதில் எல்லோரும் கடைசியில் ஒப்புக்கொண்டு விடுவார்கள் போலிருக்கிறது. மேலே படிக்கத் தோன்றவில்லை.

புரட்டாசி 9, வெள்ளி

பஸ் ஓடுகிறது. வெட்டிய மரங்களை ஓரமாகத் தள்ளியிருக்கிறார்கள். நூலக அபராதம் கட்டியாயிற்று.

வடக்கனந்தல் பக்கத்திலிருந்து இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று ரங்கன் சொன்னான். "மில்காரர பொய்யன்னு சொன்னா அந்த ரூட்டே மூடிகிச்சி, லைப்ரரியம்மா." பலாப் பெட்டிகள் இரண்டையும் அவனே எடுத்துக்கொண்டான், ஒயர் போட்டு வைக்க. கடைச் சாவியை மதியம் திருப்பிக் கொடுத்தோம். அண்ணன் நாளையிலிருந்து ரங்கனிடம் ஹார்ன் கட்டப் போகிறார்.