புகார் ஏதும் வரவில்லை

வடக்கு முகாம், செவ்வாய். எழுதுவது: செண்பகவடிவு.

நாள் 311, காலை
புழுதிக்காற்று அடங்கவில்லை. சூரியத் தகடுகள் பாதி மின்சாரம்தான் தருகின்றன. கீரைப் பாத்தி நலம். இங்கே நான் ஒருத்திதான். தெற்கு முகாமில் அருமைநாயகமும் இன்னும் ஐந்து பேரும்.

இதைப் பிறகு யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும். எங்களுக்கு மூச்சுக்காற்று தருவது ‘தென்றல்’ என்ற மென்பொருள். பூமியில் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். புதுப் பதிப்பை முதலில் ‘சோதனை’ என்று விடுவார்கள். ஒரு மாதம் புகார் வராவிட்டால் ‘நிலையானது’ என்று முத்திரை குத்துவார்கள். சோதிப்பது நாங்கள். ஓர் அறையில் மட்டும் போட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சில நாள் அங்கேயே தின்று, தூங்கி எழ வேண்டும். ஒரு முறை நான், மறுமுறை அருமைநாயகம்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே வந்த சோதனைப் பதிப்பை நான்தான் ஓட்டினேன். பாதியில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாதியானாலும் கணக்கு கணக்குதான். ஆகவே ஏழாம் பதிப்பு அவன் முறை.

நாள் 311, மாலை
பூமிக்கானாலும் தெற்கு முகாமுக்கானாலும் செய்தி போவது செய்திக்கோள் வழியாகத்தான்; அது தலைக்கு மேல் வருவது மாலையில் மட்டும்தான். இன்று மதுரையிலிருந்து தமயந்தி, தென்றலின் வெளியீட்டைப் பார்த்துக்கொள்பவள்:

“செண்பகம்க்கா, ஒரு மாசமா ஒரு புகாரும் இல்ல. ஏழாம் பதிப்ப நிலையானதுன்னு அறிவிச்சுட்டோம். ஆளில்லாத அறைக்குக் காத்து போகாது, கரண்ட்டு மிச்சம். யோசனை சொன்ன பிள்ளைக சந்தோசத்துல குதிக்குதுங்க.”

குதிக்கட்டும். புதுசாக எதையும் முயலாமல் இருந்தால் இந்தப் புழுதியில் இருட்டில்தான் கிடக்க வேண்டும். காலையில் எல்லா அறைகளிலும் போட்டுவிடுகிறேன்.

நாள் 312, காலை
போட்டாயிற்று. கால் பங்கு மின்சாரம் மிச்சம். அப்பாடா.

நாள் 312, மதியம்
சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். தலை பிளக்கிற வலியில் விழிப்பு வந்தது. எழ முடியவில்லை. கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தேன். விழுந்த பிறகுதான் காற்றே வந்தது. திரையில் ‘அறை காலி’ என்று இருந்தது.

அசையாமல் கிடந்தால் ஆளே இல்லை என்று முடிவு கட்டுகிறது, பாழாய்ப்போனது. காலி அறைக்கு எதற்கு அபாய மணி என்று அதையும் அணைத்துவிடுகிறது. ஆறாம் பதிப்புக்குத் திரும்பிவிட்டேன். எனக்கு இனி ஆபத்தில்லை.

நாள் 312, மதியம், சற்றுப் பிறகு
அருமை இதில் ஒரு நாள் தூங்கியிருந்தாலே தெரிந்திருக்கும். அப்படியானால் அவன் ஓட்டவே இல்லை. பாதியில் நின்றதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. நான் ஓட்டுகிறேன் என்று அவன் இருந்திருக்கிறான். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். எங்கள் மௌனத்தைத்தான் பூமியில் ‘நிலையானது’ என்று எழுதியிருக்கிறார்கள்.

உன் முறையா, என் முறையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு வாய் இல்லையா?

அவர்களும் இன்று போட்டிருப்பார்கள். தெற்கு முகாமுக்கு வண்டியில் போனால் நான்கு நாள் ஆகும். செய்திக்கோள் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐயோ, சீக்கிரம் வந்து தொலையேன்.

நாள் 312, மாலை
கோள் வந்ததும் என் செய்தி போய்விட்டது: “ஏலே அருமை, யாரும் தூங்காதீங்க! ஏழாம் பதிப்பு ஆளக் கொல்லுது. ஆறுக்குத் திரும்புங்க, இப்பவே!”

எதிரே அவனுடையது வந்து விழுந்தது. மதியமே எழுதிக் கோளுக்காக வைத்திருக்கிறான்:

“செண்பகம்க்கா, நீங்க ஓட்டிப் பாத்திருப்பியன்னு தெரியும். ஒரு சத்தமும் இல்ல, அதான் நாங்களும் போட்டுட்டோம். ரெண்டு நாளா தகடு தொடச்சு இடுப்பே ஒடிஞ்சு போச்சு. எல்லாரும் இப்பமே படுக்கப் போறோம். எழுப்பிராதீங்க, என்ன?”

என் செய்தி ‘சேர்ந்தது’ என்கிறது. யாரும் திறக்கவில்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடியும். அவர்கள் மணியை இங்கிருந்து அடிக்க வழியில்லை.

நாள் 312, கோள் மறையும் நேரம்
தெற்கிலிருந்து ஒன்று வந்தது. பாய்ந்து திறந்தேன். மனிதர் எழுதியதில்லை. இயந்திரத்தின் அறிக்கை.

“தென்றல், ஏழாம் பதிப்பு. ஆறு அறைகளும் காலி. மின்சாரம் மிச்சம். பிழை ஏதும் இல்லை.”

எந்திலே அருமை. ஒரே ஒரு தடவை கைய அசைலே. முறை என்னுதுதான்லே, நான் ஒத்துக்கிடுதேன், எந்தி