சேவல் காசு

நெல்லித்தோப்பு,
12 பிப்ரவரி 1980

அன்புள்ள தம்பிக்கு,

பிரான்சில் குளிர் எப்படி? ஈஸ்டர் முடிந்ததும் என் மகள் மர்த்துக்குக் கல்யாணம். பவுன் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

அப்பாவின் சேவல் பொறித்த இருபது பிராங்குத் தங்கக் காசு ஞாபகம் இருக்கிறதா? இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கியபோதும், அங்கே புது பிராங்கு வந்தபோதும், "தாளுதாம்மா மாறும். சேவல் மாறாது" என்றார். அதைத் தன் கையில் வைத்துப் புதைக்கச் சொல்லித்தான் அம்மா கண்ணை மூடினாள்.

சவப்பெட்டியை மூடும்போது சாமியார் கேட்டார். "வச்சிட்டேன் சாமி" என்றேன். அன்று மத்தியானம் வீட்டுக்குள் சேவல் கூவியது. நம் தெருவில் யாரும் கோழி வளர்ப்பதில்லை. பிறகு சித்தி கேட்டாள். "வச்சிட்டேன் சித்தி." மறுபடியும் கூவியது, பீரோவுக்குள்ளிருந்து. இரண்டு தடவையும் மர்த்துக்குக் கேட்கவில்லை. பீரோவை நான் இன்னும் திறக்கவில்லை.

இப்போது நீயும் கேட்டு எழுதியிருக்கிறாய். மூன்றாவது ஆள் நீ.

வைத்தேன், தம்பி. அம்மா கையில்தான் வைத்தேன்.

இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் மர்த் சமையலறையிலிருந்து ஓடி வந்து நிற்கிறாள்.

"எம்மா, நம்ம ஊட்டுக்குள்ள ஏதும்மா சேவலு?"

இப்படிக்கு,
உன் அக்கா