பழுது எதுவும் இல்லை

நவம்பர் 6

மூன்றாம் மாடி அலுவலகத்தில் எல்லோரும் பல் கிட்டித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே குளிர் ஆரம்பித்துவிட்டது, உள்ளே ஏசி விடாமல் குளிர்காற்றை ஊதுகிறது. எந்திரத்தைத் திறந்து பார்த்தோம். விசிறி சரி, வயரிங் சரி, வடிகட்டி சுத்தம். கூட்டாளி ஸ்பேனர் தலையைச் சொறிந்தான். (எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவன் மாமியார் உட்பட.) கடைசியில் பார்த்தால், அறைச்சூட்டை அளக்கிற சென்சாருக்கு நேர் கீழே காப்பி மெஷின். அது ஆவி விடும்போதெல்லாம் அறையே கொதிக்கிறது என்று சென்சார் நினைத்துக்கொள்கிறது. மெஷினை நகர்த்தினோம், தீர்ந்தது.

"காப்பி குடிச்சுக் குடிச்சே குளிர்ல செத்திருப்பாங்கடா" என்றான் ஸ்பேனர். வண்டியில் ஏறியும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என் மனைவி விளக்குப் போடாமல் படுத்திருந்தாள். மறுபடியும் தலைவலி.

நவம்பர் 9, ஞாயிறு

படுக்கையறை ஜன்னல் இடுக்கெல்லாம் நுரைப்பட்டை ஒட்டினேன். பாவம், நாள் முழுக்க அந்த அறையில்தான் தையல் மெஷின் முன்னால் இருக்கிறாள். சுவரில் இருக்கும் கேஸ் ஹீட்டர் எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் காலத்தது. கையை வைத்துப் பார்த்தேன். சூடு வருகிறது. கதவுக்கு அடியிலும் ஒரு பட்டை ஒட்டினேன்.

"இனிமே ஒரு பொட்டுக் காத்து உள்ளே வராது பாரு."

"ஞாயித்துக்கிழமையும் உங்களை வேலை வாங்கிட்டேன்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நவம்பர் 19

ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடதுகையாகவே வைத்துத் தைத்திருக்கிறாள். அவளா! கண்ணை மூடிக்கொண்டு தைப்பவள். கொடுத்தவர் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாராம். "ரெண்டு இடதுகைக்காரங்க சேர்ந்து போட்டுக்கலாம்" என்று சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்து. அழுதுவிட்டாள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

நவம்பர் 27

டாக்டர். ரத்தம், கண், தலை ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும், "மனசுதான் காரணம். வீட்டுக்குள்ளேயே இருக்காங்க இல்லையா? வெளியே கூட்டிட்டுப் போங்க" என்றார். குழந்தை இல்லாததைப் பற்றியும் ஏதோ கேட்டார். நான் அவளிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

எனக்குப் புரிகிறது. எங்கள் தொழிலிலும் இது உண்டுதானே. ஆள் குறை சொல்லிக்கொண்டே இருப்பார், மீட்டர் சரி என்றே காட்டும். 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

டிசம்பர் 3

அறை புழுங்குகிறதாம். போன மாதம் குளிர், இந்த மாதம் புழுக்கம்.

டிசம்பர் 8

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலையிலிருந்து ஒரு கொதிகலன் அறையில் மாரடித்துவிட்டு வந்தேன். சமைக்கவில்லை. தைக்கக் கொடுத்த துணியெல்லாம் அப்படியே குவிந்து கிடக்கிறது. அவள் கட்டிலில், சுவரைப் பார்த்துக்கொண்டு. "வாந்தி வந்துச்சுங்க" என்றாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்கு உடம்புல ஒண்ணும் இல்லை. எல்லா டெஸ்ட்டும் பார்த்தாச்சு. வேலை செய்ய மனசு இல்லை, அவ்வளவுதான்."

மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். "அப்போ நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலை. ரிப்போர்ட் சொல்லுது."

இதைவிட அவளை அடித்திருக்கலாம். என் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துச் சோபாவுக்கு வந்துவிட்டேன். படுக்கையறைக் கதவை அவள் சாத்திக்கொண்டாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் குளியலறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டாள். நெற்றியில் வீக்கம். இன்று அவள் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நகரத்தின் அந்தக் கோடி, ரயிலில் ஒன்றரை மணி நேரம். "கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும் தம்பி." நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

டிசம்பர் 18

போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். பின்னால் அவள் சிரிக்கிற சத்தம். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சத்தம் கேட்டு! அவகிட்டக் குடுங்க என்று கேட்க வாய் வரவில்லை. சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பார்க்கப் போனேன். கன்னத்தில் பழைய நிறம் வந்திருக்கிறது. அக்கா பெண்ணின் கவுனுக்குக் கையாலேயே மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள், ஒரு தையல் கோணவில்லை. தலைவலி? "இங்கே வந்த மறுநாளே விட்டுடுச்சு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போல. ஊசியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அக்கா வாசல்வரை வந்தாள். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இங்கே நல்லாச் சாப்பிடறா, நல்லாத் தூங்கறா. அங்கே வந்தா மட்டும் ஏன் இப்படி ஆகுதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 22

நான்தான் வியாதி. வேறென்ன?

ஒரு எந்திரம் ஓரிடத்தில் மக்கர் செய்து இன்னோரிடத்தில் நன்றாக ஓடினால், எந்திரத்தில் கோளாறு இல்லை, இடத்தில்தான் கோளாறு. தொழில் கற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே தெரிந்த விஷயம். இடத்தில் என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தலை வலித்திருக்கிறது. எவ்வளவு நாளாக? கல்யாணம் ஆனதிலிருந்தேவா?

டிசம்பர் 29

கூடத்தில் படுக்க முடியவில்லை. அவள் கட்டிலுக்கே வந்துவிட்டேன். தலையணையில் அவள் எண்ணெய் வாசம். வழக்கமாக ராத்திரி அணைத்துவிடும் ஹீட்டரைப் பெரிதாக வைத்து, கதவைச் சாத்திப் படுத்தேன். காலையில் தலை இரண்டாகப் பிளக்கிறது.

அழுதால் இப்படித்தான் வலிக்கும் போல.

ஜனவரி 3

வேலைக்குப் போகவில்லை. நேற்றும் போகவில்லை. சோறு உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. எழுந்தால் கால் துவளுகிறது. ஸ்பேனர் போன் செய்தபடி இருக்கிறான். எடுத்து என்ன சொல்வது? பெண்டாட்டி போய்விட்டாள், அவளுடைய வியாதியை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்றா?

ஜனவரி 5

இப்படியே படுத்துக் கிடந்தால் போதும் என்று இருக்கிறது. எழுந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை. பயமாக இல்லை. அதுதான் ஆச்சரியம்.

ஜனவரி 7

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஸ்பேனர் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினான். இன்று எங்களுக்கு ஒரு கொதிகலன் அறையில் வேலை. தவழாத குறையாகப் போய்த் திறந்தேன். "என்னடா இது கோலம்? வேகவைச்ச மாதிரி இருக்கே" என்று என்னைத் தாங்கிக்கொண்டு படுக்கையறைக்கு வந்தான். கட்டிலில் என்னை உட்கார வைத்துக் குனிந்தபோது அவன் இடுப்பில் இருந்த மீட்டர் கத்த ஆரம்பித்தது. கொதிகலன் அறைக்குப் போகும்போது மாட்டிக்கொள்வது. சரியாக எரியாத நெருப்பிலிருந்து வருகிற, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத அந்த விஷவாயு இருந்தால் கத்தும்.

"பேட்டரி போயிருக்கும்டா" என்றேன்.

"பேட்டரிக்கு வேற சத்தம்." மீட்டரையே பார்த்தான். ஹீட்டரைப் பார்த்தான். ஜன்னலில் நான் ஒட்டிய பட்டையைப் பார்த்தான். அவன் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. "எழுந்திரு. வெளியே. வெளியே வாடா முட்டாள்!"

என்னை இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் உட்கார வைத்தான். மீட்டர் வாயை மூடிக்கொண்டது. அவன் கேஸை அடைத்துவிட்டு, ஜன்னலில் பட்டையைக் கிழித்துத் திறந்துவிட்டு ஓடிவந்தான். மறுபடி மீட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக, வாசற்படியிலேயே கத்தியது.

பிறகு ஆஸ்பத்திரி. முகத்தில் ஆக்சிஜன் மாட்டிப் படுக்கவைத்தார்கள். படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அவளும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைவலின்னா, வாந்தின்னா, புழுங்குதுன்னா. எத்தனை தடவைடா சொல்லுவா ஒருத்தி? நான் பட்டை ஒட்டினேன். நானே. என் கையால. அவளுக்குக் குளிருமேன்னு.

ஜனவரி 8

ஸ்பேனர் ஹீட்டரைக் கழற்றிவிட்டான். பின்பக்கம் புகைக்குழாய் சேருமிடத்தில் துரு தின்று, இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. முன்னால் கையை வைத்துப் பார்த்தால் சூடுதான் வரும். நான் அதைத்தான் பார்த்தேன். நாலு ஸ்க்ரூ. கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும். ஊரில் உள்ள எந்திரத்தையெல்லாம் கழற்றிவிட்டு வந்து, என் வீட்டில் ஸ்க்ரூடிரைவரைத் தொடக் கை வராது எனக்கு.

வீட்டுக்காரர் வந்து நின்று, "நல்ல ஹீட்டர் ஆச்சே" என்றார். ஸ்பேனர் அவர் சட்டையைப் பிடிக்கப் போனான்.

மதியம் அவளுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். துரு, ஓட்டை, பட்டை. போய் உடனே ரத்தம் பார்க்கச் சொன்னேன். பிறகு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அதற்குள் அவள்:

"அப்போ நான் நடிக்கலை. இல்ல?"

"இல்லைம்மா. இல்லை."

"சரி" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

புது ஹீட்டர் மாட்டியாயிற்று. அறைக்கு ஒன்றாக அலாரம் வைத்தேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன். அவள் அக்காவோடு வந்தாள். அறைக்குள் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தாள். நான் வாசலில் நின்றேன், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் போல.

"தலை வலிக்கலை" என்றாள்.

"இனிமே வலிக்காது."

"ஆமா. காத்து நல்லா இருக்கு." கையால் போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஆனா இந்தக் கட்டில்ல உட்கார்ந்தா, அன்னிக்கு நீங்க சொன்னதுதான் காதுல கேக்குது. ரிப்போர்ட் சொல்லுதுன்னு. அதுக்கு வாயு காரணம் இல்லையே."

அந்தப் பேச்சு வந்த நேரத்தில் நான் அப்போதுதான் வெளியிலிருந்து வந்திருந்தேன். என் ரத்தம் சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 24

அக்கா வீட்டிலிருந்து ஒற்றைச் செய்தி அனுப்பியிருக்கிறாள். தையல் மெஷின் வேண்டுமாம்.

ஜனவரி 25, ஞாயிறு

வண்டியில் ஏற்றி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாடியில் அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். சிறிய அறை, ஆனால் நல்ல வெளிச்சம். மெஷினை ஜன்னலோரம் வைத்து, ஆடாமலிருக்கக் காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தேன். அவள் ஒரு துணியை வைத்து ஓட்டிப் பார்த்தாள். நேர்க்கோடு.

அங்கேயும் சுவரில் ஒரு ஹீட்டர். "இதைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். மீட்டரை வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, சொன்னேன்.

"கழட்டிப் பாருங்க."

கழற்றினேன். டார்ச் அடித்துக் குழாய் சேருமிடத்தை விரலால் சுற்றித் தடவினேன். அவளையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் பக்கத்தில் மண்டியிட்டு, கன்னம் கன்னத்தில் படுகிற தூரத்தில், நெடுநேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். மூடி, ஸ்க்ரூவை முறுக்கி, அலாரம் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"ஹீட்டரை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும்னுதானே எல்லார்கிட்டயும் சொல்வீங்க?"

ஆமாம். அப்படித்தான் சொல்வேன்.